கொசுவத்திச் சுருள்: குடியை நிறுத்திய மூளைக்கு முதல் ஆறு மாத வழிகாட்டி

அரசு மருத்துவமனை வார்டில் சேர்ந்த மூன்றாம் நாள் காலை. டாக்டரம்மா ஓ.பி. சீட்டைத் திருப்பி என் முன்னால் வைத்து, "கொசுவத்திச் சுருள் மாதிரி ஒண்ணு வரைங்க" என்றார். நான் கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரன். இருபது வருஷம் மைக்ரோமீட்டரோடு பிழைத்த கை. இதென்ன பெரிய வேலை என்று பேனாவை வாங்கினேன். மூன்றாவது சுற்றிலேயே கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கோழி கிளறிய மண் மாதிரி ஆகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் தேதி போட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார். பத்தாம் நாள் இன்னொன்று வரையச் சொன்னார். வீட்டுக்கு வந்தபிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் வாரம் ஒன்று என்று நானே வரைய ஆரம்பித்தேன்.

குடியைப் புதிதாக நிறுத்துகிறவர்கள் யாராவது என்னைத் தேடி வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவேன். அதில் கை நடுக்கம் அடங்கிய தேதி இருக்கிறது. பக்கத்திலேயே அன்றைக்கு எத்தனை மணி நேரம் தூங்கினேன், மனசு எப்படி இருந்தது என்றும் எழுதியிருக்கிறேன். கை நேரான பிறகும் தூக்கம் வரவில்லை. தூக்கம் வந்த பிறகும் மனசு சப்பென்றே கிடந்திருக்கிறது. மூளை ஆறுகிறது, ஆனால் எல்லா இடமும் ஒரே நாளில் ஆறுவதில்லை. இந்த வரிசை தெரியாதவர்தான் இரண்டாவது மாதத்தில் "நிறுத்தியும் ஒரு பிரயோஜனமும் இல்லையே" என்று கடைப்பக்கம் போகிறார். நானும் இரண்டு தடவை அப்படிப் போனவன்தான். அதனால் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. குடியை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆன, மருத்துவர்களிடம் கேள்வி கேட்டே உயிரை வாங்கிய ஒரு ஆள். இதில் இருப்பது மதுவைப் பற்றி. கஞ்சாவுக்கும் மாத்திரை போதைக்கும் சில விஷயங்கள் பொருந்தும், எல்லாம் பொருந்தாது.

நிறுத்துவதற்கு முந்தின நாள்

மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். தினமும் குடிக்கிறீர்களா? காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்போ, இல்லாத ஆளோடு பேசுவதோ நடந்திருக்கிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் வீட்டில் தானாக நிறுத்தாதீர்கள். மருத்துவமனையில் நிறுத்துங்கள்.

இது பயமுறுத்தல் கிடையாது. காரணத்தைச் சொல்கிறேன். மூளையில் ஒரு தராசு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் காபா என்ற ரசாயனம், நரம்புகளை அடக்கி வைப்பது. மறு தட்டில் குளுட்டமேட், கிளப்பிவிடுவது. மது உள்ளே போனால் காபா தட்டில் எடை ஏறுகிறது, குளுட்டமேட் அமுங்குகிறது. அதுதான் அந்த 'ரிலாக்ஸ்'. வருஷக்கணக்காகத் தினமும் ஒரே பக்கம் சாய்த்தால் மூளை சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. காபாவுக்குச் செவி சாய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும், குளுட்டமேட்டை வாங்கும் இடங்களைக் கூட்டிக்கொள்ளும். இப்படித் தட்டை நிமிர்த்திக்கொள்வதால்தான் முன்பு ஒரு குவாட்டரில் தள்ளாடியவர், இப்போது ஆஃப் அடித்துவிட்டு நேராக வண்டி ஓட்டுகிறார். ஓட்டுவதாக நினைத்துக்கொள்கிறார்.

இந்த நிலையில் ஒரே நாளில் மதுவை எடுத்துவிட்டால் மறு தட்டு தடாலென்று இறங்கும். கடைசிக் கிளாஸிலிருந்து 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்குப் புத்தி தடுமாறும், சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், காய்ச்சல் அடிக்கும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பார்கள். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். என் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர், பாவம், ராத்திரி முழுக்கக் கட்டிலைச் சுற்றி இல்லாத ஆட்டுக்குட்டிகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் அவருக்கு எதுவும் ஞாபகமில்லை.

நம் ஊரில் இதற்கென்றே ஒரு சீசன் உண்டு. கார்த்திகை மாதம் மாலை போடுகிறவர்கள் அன்று காலையிலிருந்து ஒரு சொட்டுத் தொடமாட்டார்கள். அந்த வைராக்கியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் தினமும் ஆஃப் அடித்தவர் திடீரென்று நிறுத்தினால், அது சாமிக்காக என்பது நரம்புக்குத் தெரியாது. மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்னால் டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்திவிட்டு, பிறகு மாலை போடுங்கள். கோயிலில் கயிறு கட்டுகிறவர்களுக்கும் இதேதான்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் குளோர்டயாசிபாக்சைடு போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவார்கள். அதே காபா தட்டில் வேறு எடையை வைத்து, மெல்ல மெல்ல இறக்கும் வேலை அது. கல்லீரல் கெட்டிருந்தால் வேறு மருந்து. இதை நீங்களே மெடிக்கலில் வாங்கிப் போடாதீர்கள். மருந்துக்கு மேல் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். மாத்திரையே அடுத்த பழக்கமாக ஒட்டிக்கொள்வதும் உண்டு.

வலிப்பு, குழப்பமான பேச்சு, நிற்காத வாந்தி, காய்ச்சல், கண் நிலைகொள்ளாமை: இவற்றில் ஒன்றைப் பார்த்தால் வீட்டிலிருப்பவர்கள் யோசிக்காமல் 108ஐ அழையுங்கள். "கொஞ்சம் ஊத்திக் கொடுத்தா அடங்கிடும்" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறுத்துவது, தொடங்குவது, நிறுத்துவது என்று ஆடிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் இந்த நான்கு நாள் முன்பைவிடக் கடுமையாக வரும். முதல் தடவை நடுக்கத்தோடு போனவருக்கு ஐந்தாவது தடவை வலிப்பு வரலாம். "போன தடவை சமாளிச்சேனே" என்பது கணக்காகாது.

முதல் வாரம்: ஒரு ஊசியைக் கேட்டு வாங்குங்கள்

பி1 வைட்டமின், அதாவது தயமின். மூளை சர்க்கரையை எரித்துச் சக்தியாக்க இது கட்டாயம் வேண்டும். குடிப்பவருக்கு மூன்று வழியில் இது போய்விடுகிறது. சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை, கல்லீரல் சேர்த்து வைப்பதில்லை. இருப்பு தீர்ந்தால் மூளையின் நடுப்பகுதியில் சில இடங்கள் செத்துப்போகத் தொடங்கும். 1881இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்தார். மூன்று அடையாளங்கள்: குழப்பம், கால் அகட்டித் தள்ளாடும் நடை, கண்மணி ஆடுவது அல்லது பார்வை இரண்டாகத் தெரிவது. மூன்றும் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. தெருவில் பார்ப்பவருக்கு இதுவும் போதை மாதிரியே தெரியும் என்பதுதான் கொடுமை. "இன்னும் இறங்கல, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள்.

உடனே ஊசியாகத் தயமின் போட்டால் பெருமளவு திரும்பும். விட்டுவிட்டால் கோர்சகாஃப் என்னும் நிலை வரும். பழைய கதையெல்லாம் சொல்வார், காலையில் சாப்பிட்ட இட்லி ஞாபகமிருக்காது. இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்வார், பொய் என்று அவருக்கே தெரியாது. அது முழுதாகத் திரும்புவது அரிது. இந்தக் கட்டுரையில் "மூளை ஆறும்" என்று நான் சொல்வதற்குப் பெரிய விதிவிலக்கு இதுதான். அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

செய்ய வேண்டியது எளிது. எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எந்தக் காரணத்துக்குப் போனாலும், "தினமும் குடிப்பவர்" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கம் என்று கொண்டுபோனால் குளுக்கோஸ் ஏற்றுவது வழக்கம். தயமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருக்கும் துளியும் தீர்ந்துவிடும். "டாக்டர், பி1 ஊசி போட்டாச்சா?" என்று கேளுங்கள். கௌரவம் பார்த்து "எப்பவாவது ஒரு பீர்" என்று வீட்டார் சொல்கிற பொய், நோயாளியின் தலையில்தான் விடியும்.

சாப்பாடு அடுத்தது. தீட்டிய வெள்ளை அரிசியையே தின்ற கோழிகளுக்கு நரம்பு வாதம் வந்ததையும், தவிடு நீக்காத அரிசி போட்டதும் தேறியதையும் ஜாவாவில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கண்டார். அந்த வழியில் வந்த கண்டுபிடிப்புக்காக 1929இல் நோபல் பரிசு பெற்றார். தவிட்டில் இருந்த பொருள் தயமின். நெல்லைப் புழுக்கும்போது அது தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே புழுங்கலரிசிக் கஞ்சி, பயறு, வேர்க்கடலை ஆகியவற்றைக் கொண்டு ஆரம்பிக்கலாம். ஆனால் ஊசிக்குப் பதில் கஞ்சி போதும் என்று எண்ணாதீர்கள். முதல் வாரத்தில் குடல் வேலை செய்யாத நேரத்தில் கஞ்சியை மட்டும் நம்ப முடியாது.

என் நோட்டில் ஐந்தாம் நாள்: "அரை தட்டு கஞ்சி. கடலை உருண்டை நாலு." இனிப்புக்கு நாக்கு ஏங்கும். முதல் மாதம் அதைத் தடுக்காதீர்கள், சர்க்கரை நோய் இல்லையென்றால். இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம் முதல்: தூக்கம் வராது, வந்தால் கனவு வரும்

பத்தாம் நாள் வரைந்த சுருளில் ஐந்து சுற்றுத் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் "தூக்கம் 2 மணி" என்று எழுதியிருக்கிறேன். கை சரியாகிவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்த அதே வாரம், நான் ராத்திரி மூன்று மணிக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன்.

மது தூங்க வைப்பதாகத் தோன்றும். உண்மையில் அது மயக்கி முன்னிரவைக் கடத்திவிட்டு, பின்னிரவைக் கிழித்துவிடுகிறது. கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அமுங்கியிருந்த கனவெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். வியர்த்து எழுந்திருப்பீர்கள். குடித்துவிட்டதாகவே கனவு வரும், வாயில் வாடைகூட இருப்பதுபோல் தோன்றும். "குடிச்சுட்டேனோ" என்று பதறிச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். குற்றமில்லை, மூளை தன் பழைய நேரத்தை மீட்கிறது. ஆழ்ந்த தூக்கம் ஒழுங்காக வர வாரங்கள் இல்லை, மாதங்கள் ஆகும்.

என்ன செய்யலாம்? காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். நாலு மணிக்குத்தான் கண் அசந்தாலும் ஆறரைக்கு எழுந்துவிடுங்கள். எழுந்ததும் வெயில் கண்ணில் படட்டும். மதியம் மூன்றுக்கு மேல் டீ, காப்பி வேண்டாம். குடியை விட்டவர் ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பது எங்கள் வட்டத்தில் தெரிந்த கதை. தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையில் புரளாமல் எழுந்து ஏதாவது செய்யுங்கள். நான் பழைய ட்ரில் பிட்டுகளை அளவு வாரியாக அடுக்கினேன். பட்டறையில் அத்தனை ஒழுங்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. தூக்க மாத்திரையை மட்டும் சொந்தமாக வாங்காதீர்கள்.

ஒரு மாதம் முதல் மூன்று மாதம்: எதுவுமே ருசிக்காத காலம்

பலர் விழுவது இங்கேதான். உடம்பு நன்றாக இருக்கிறது, ஊர் பாராட்டுகிறது, வீட்டில் மட்டன் குழம்பு வைக்கிறார்கள். உங்களுக்கோ மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது. பிள்ளை ரேங்க் வாங்கியதைச் சொன்னால் "ம்" என்கிறீர்கள். "குடிச்சப்பவாவது மனுஷனா சிரிச்சீங்க" என்று வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள்.

இதற்கு டோபமைன் என்னும் ரசாயனத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மின்கம்பியைச் செருகி, நெம்புகோலை அமுக்கினால் அங்கே மின்சாரம் தட்டும்படி வைத்தார்கள். எலி ஓயாமல் அதையே அமுக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாதையில் ஓடும் முக்கியச் சரக்கு டோபமைன் என்று பின்னால் தெரியவந்தது. "இது முக்கியம், மறுபடி செய்" என்று மூளைக்குச் சொல்லும் முத்திரை அது. சோறும் குழந்தையின் சிரிப்பும் முத்திரையை மெல்லக் குத்துகின்றன, மது ஓங்கிக் குத்துகிறது. ஓங்கிக் குத்திக்கொண்டே இருந்தால் மூளை டோபமைனை வாங்கும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. நோரா வால்கோ என்ற மூளை ஆராய்ச்சியாளரும் உடனிருந்தவர்களும் 1990களில், மூளைக்குள் ரசாயன வேலையைக் காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மதுவுக்கு அடிமையானவர்களிடம் டி2 வகை ஏற்பி குறைந்திருப்பது தெரிந்தது.

நிறுத்தியதும் ஓங்கிய குத்து இல்லை, ஏற்பியும் குறைவு. சாதாரணச் சந்தோஷம் காதில் விழாது. சவுண்டு சர்வீஸ் ஸ்பீக்கர் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க நின்றவருக்கு மறுநாள் வீட்டில் பேசுவது கேட்காதே, அப்படி. இது உங்கள் குணமும் அல்ல, உங்கள் வாழ்க்கையின் உண்மையான ருசியும் அல்ல. திரும்புவதற்கு நாளாகும். மெத்தாம்ஃபெட்டமின் போதையை விட்டவர்களிடம் 2001இல் வெளியான ஓர் ஆய்வு, ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களின் டோபமைன் கடத்திகள் (வெளிவந்த டோபமைனை நரம்பணுவுக்குள் திரும்ப இழுப்பவை) நன்றாக மீண்டிருப்பதைக் காட்டியது. ஆனால் ஞாபகச் சோதனையும் கைத்திறன் சோதனையும் அதே அளவு தேறவில்லை. போதை வேறு என்றாலும் பொறுமைக் கணக்கை அதில் பார்க்கலாம்.

இந்த மூன்று மாதத்துக்கு நான் சொல்கிற விதிகள் கொஞ்சம் கறாரானவை. வேலையை விடாதீர்கள், புதுத் தொழில் ஆரம்பிக்காதீர்கள், இடம் வாங்காதீர்கள், விவாகரத்துப் பேசாதீர்கள். ருசி தெரியாத நாக்கோடு சமையலுக்கு உப்புப் பார்க்கக் கூடாது. தினமும் அரைமணி நேரம் வேர்க்க நடங்கள். நடக்கும்போது ஒன்றும் தோன்றாது, இரண்டு மணி நேரம் கழித்து லேசாகத் தெரியும். சந்தோஷமாக இருக்கிறதோ இல்லையோ, முன்பு பிடித்த ஒரு காரியத்தைத் தினமும் செய்யுங்கள். எனக்கு அது கேரம். முதல் ஒரு மாதம் கடனுக்கு ஆடினேன். எழுபத்தெட்டாம் நாள் ரெட்டும் ஃபாலோவும் ஒரே கையில் போட்டபோது என்னையறியாமல் தொடையைத் தட்டியிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்த மச்சான்தான் சொன்னான். நோட்டில் அந்தத் தேதிக்கு அடிக்கோடு இருக்கிறது.

இந்தச் சோர்வு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலோ, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தாலோ காத்திருக்காதீர்கள். அது தானாக ஆறும் சப்புத்தன்மை இல்லை, மனச்சோர்வு நோய். மருந்து உண்டு. 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சிகரெட், ஹான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. "ஒண்ணை விட்டாச்சு, இதாவது இருக்கட்டும்" என்று நானும் சொன்னேன். மூளை மீட்பை ஸ்கேனில் பார்த்த ஆய்வுகளில், குடியை விட்டும் புகைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மீட்பு மெதுவாகவே நடந்திருக்கிறது. முடிந்தால் இரண்டையும் விடுங்கள். முடியாவிட்டால் குடியை முதலில்.

ஏக்கம் வரும் அந்த அரைமணி நேரம்

கை, தூக்கம், ருசி எல்லாம் திரும்பலாம். பழைய ஞாபகம் மட்டும் அழியாது. மேலே சொன்ன முத்திரை மதுவின் மேல் மட்டும் குத்தப்படவில்லை, அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றின் மேலும் குத்தப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், மிளகு தூவிய அவித்த முட்டை, சம்பள நாள், மழை, மதியம் 12 மணி. டாஸ்மாக் திறக்கும் நேரம் என்பது கடிகாரத்தில் மட்டுமா இருக்கிறது? என் உமிழ்நீரில் இருந்தது. நிறுத்தி எட்டு மாதம் கழித்து, ஒரு துக்க வீட்டில் பிளாஸ்டிக் டம்ளரை நசுக்கும் சத்தம் கேட்டு நாக்கு ஊறியது. டம்ளரில் இருந்தது மோர்.

ஏக்கம் அலை மாதிரி. எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள். உச்சியில் நிற்கும்போது "இது இனி இறங்காது" என்று தோன்றுவதுதான் ஏமாற்று. அதனால் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், நேரத்தைக் கடத்தப் பாருங்கள். மணியைப் பாருங்கள். இருக்கும் இடத்தை விட்டு நகருங்கள். வயிறு முட்ட எதையாவது சாப்பிடுங்கள், பசியில் ஏக்கம் இரட்டிப்பாகும். ஒருவருக்குப் போன் போட்டு "வருது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், பழைய குடிகாரனுக்குப் புரியும். முகத்தில் குளிர்ந்த நீரடித்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட நிதானமாக வெளியே விடுங்கள்.

அலை வருமுன் செய்ய வேண்டியவை வேறு. வேலை முடிந்து வரும் வழியை மாற்றுங்கள், இரண்டு கிலோமீட்டர் சுற்றானாலும். சம்பளம் முதல் ஆறு மாதம் மனைவியின் அல்லது அம்மாவின் கணக்குக்கு நேராகப் போகட்டும். ஒரு கையில் பணமும் மறு கையில் ஓய்வும் சேர விடாதீர்கள். "கம்பெனிக்கு உக்காரு, நீ ஜூஸ் குடி" என்கிற நண்பனிடம் முதல் மூன்று மாதம் காய்ச்சல் என்று சொல்லுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு: இந்த நாலில் இரண்டு சேர்ந்தால் அன்று சாயங்காலம் தனியாக இருக்கக் கூடாது.

ஏக்கத்தைக் குறைக்க மருந்தும் இருக்கிறது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று பெயர் சொல்லியே மனநல மருத்துவரிடம் கேட்கலாம். மன உறுதி இல்லாதவனுக்குத்தான் மாத்திரை என்று நினைத்து நான் ஒரு வருஷம் வீணாக்கினேன்.

மூன்றாம் மாதத்துக்குப் பின்: யோசிக்கும் பகுதி, வீட்டார் பகுதி

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைதான் திட்டம் போடுவது, நாக்கைக் கட்டுவது, "இரு, யோசி" என்று கையைப் பிடிப்பது. குடியால் அதிகம் அடிபடும் இடங்களில் இது ஒன்று. மெதுவாகத்தான் வரும். 1978இல் டொரண்டோ மருத்துவர்கள் சி.டி. ஸ்கேனில், சுருங்கிய மூளை சில குடிநோயாளிகளுக்கு நிறுத்தியபின் ஓரளவு விரிவதைக் கண்டு வெளியிட்டார்கள். அதுவரை போனது போனதுதான் என்று எண்ணியிருந்தார்கள். வெறும் தண்ணீர் ஏறியிருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது. 2007இல் வந்த ஜெர்மன் ஆய்வு ஒன்று, 6, 7 வாரத்தில் மூளையின் கன அளவு சராசரியாக ஏறக்குறைய 2 சதவீதம் கூடியதைக் கண்டது. கூடவே நரம்பணுக்களின் ஆரோக்கியத்தைக் காட்டும் ரசாயனங்களும் ஏறியிருந்தன. வெறும் தண்ணீர் என்றால் அப்படி ஏறாது. வேகமான வளர்ச்சி முதல் மாதத்தில், மெதுவானது அதன்பின் பல மாதங்கள்.

ஆகவே நான்காம் மாதத்திலும் சாவியை மறந்தால், ஒன்றுமில்லாததற்குக் கத்தினால், வீட்டார் "திரும்ப ஆரம்பிச்சுட்டாரோ" என்று சந்தேகப்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி தினமும் சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போது அருகில் வந்து நிற்பாள். வாடை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஒருநாள் பொறுக்காமல் எரிந்து விழுந்தேன். "ஏனுங்க, பதினோரு வருஷம் பாத்த மூக்கு, அஞ்சு மாசத்துல மறந்துருமா?" என்றாள். ஆறவேண்டிய மூளை வீட்டில் எனக்கு மட்டும் இல்லை என்று அன்றுதான் உறைத்தது. அடுத்த நாளிலிருந்து நானே முகத்துக்கு நேராக ஊதிக் காட்டிவிட்டு உள்ளே போனேன். ஒரு மாதத்தில் அவளே போதும் என்றாள்.

வீட்டார் கட்டாயம் செய்யக் கூடாத ஒன்று: சாம்பாரில் தெரியாமல் மாத்திரை கலப்பது. இதற்கென்றே பொடிகள் விளம்பரம் செய்து விற்கிறார்கள். டைசல்ஃபிராம் என்ற மருந்து 1948இல் டென்மார்க்கிலிருந்து அறிமுகமானது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, ரத்த அழுத்தம் சரியும். நோயாளிக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் கொடுத்தால் அது வேலி. தெரியாமல் கொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடித்து உயிரை விடலாம்.

சறுக்கினால்

சறுக்குவது நடக்கும். ஒரு கிளாஸ் உள்ளே போய்விட்டால் மூளை ஆறியதெல்லாம் ஒரே ராத்திரியில் அழிந்துவிடாது. "எல்லாம் போச்சு, இன்னைக்கு முழுசா குடிப்போம், நாளைக்குப் பார்க்கலாம்" என்ற அந்த யோசனைதான் ஒரு கிளாஸை மூன்று மாதமாக்குகிறது. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். பழைய அளவைத் தாங்கும் சக்தி இப்போது உங்களுக்கு இல்லை, அதே ஆஃப் இப்போது விஷம். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் மறுபடி தானாக நிறுத்தாமல் முதல் படிக்கே, மருத்துவமனைக்கே வாருங்கள். சறுக்கியதை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஒரு ஆளிடமாவது சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனையும் பழையவை. வழி தெரியாவிட்டால் 14446 போதை மீட்பு உதவி எண். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன, காசு கிடையாது, பெயர்கூடச் சொல்ல வேண்டாம். எனக்கு அங்கே பிடித்தது தத்துவம் அல்ல, நாற்காலியை மடித்து அடுக்கும் வேலை.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதற்கு முன், மனநலச் சட்டத்தின்படி பதிவு இருக்கிறதா, மருத்துவர் நாள்தோறும் வருகிறாரா, வீட்டார் நினைத்த நேரத்தில் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். ராத்திரியில் நாலு பேர் வந்து வேனில் தூக்கிப்போகும் இடமென்றால் வேண்டாம். மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைகள் 2017ஆம் ஆண்டு சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. அடித்துத் திருத்துவது வைத்தியம் என்று அதில் எங்கும் இல்லை. பயமும் அடியும் எந்த ஏற்பியையும் வளர்த்ததில்லை.

இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, தூக்கம் எத்தனை மணி, ஏக்கம் எத்தனை தடவை, ஒரு சுருள். வாரம் ஒருமுறை போதும். நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியாது, மாதத்துக்கு மாதம் தெரியும்.

என் நோட்டில் இருபத்தாறாவது வாரச் சுருள் ஏழு சுற்று, கோட்டுக்குக் கோடு சம இடைவெளி. அந்த வாரம்தான் பட்டறைக் கடனுக்காக வங்கிக்குப் போய்ச் செக்கில் கையெழுத்துப் போட்டேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரையும் செக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "சார், கையெழுத்து ஒத்துப் போகலையே" என்று திருப்பிக் கொடுத்தார். கணக்கு ஆரம்பித்தது நான் காலையிலேயே ஏற்றிக்கொண்டு போன ஒரு நாளில். புது மாதிரிக் கையெழுத்துக்கு ஒரு படிவம் தந்தார். மூன்று இடத்தில் போட வேண்டும். மூன்றும் ஒன்றுபோலவே வந்தது.